மகிழ்வு அட்டையும் சமரசச் சலுகையும்

கழிவுநீர் இணைப்புத் துறையின் தலைமை எழுத்தருக்கு அந்த ஆண்டு சம்பள உயர்வு கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக மகிழ்ச்சி வழங்கப்பட்டது.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. சம்பளம் கூடினால் ஊழியர்கள் அதைச் செலவழித்துவிடுகிறார்கள், மகிழ்ச்சியோ மனதில் தங்கிவிடுகிறது என்று மேலிடம் நியமித்த ஆய்வுக் குழு கண்டுபிடித்திருந்தது. ஆகவே ஒழுங்காக வேலைக்கு வந்தவர்களுக்கு 'ஊழியர் மகிழ்வு அட்டை' என்று ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் அட்டை. பளபளவென்று இருந்தது. மூலையில் சிவப்பு ரிப்பன் முடிச்சு ஒன்று வரைந்திருந்தது. அதற்குள் முன்கூட்டியே பணம் கட்டியாகிவிட்டது, இன்ன உணவகத்துக்குக் குடும்பத்தோடு போய்ச் சாப்பிட்டுவிட்டு அட்டையை நீட்டினால் போதும் என்று இயக்குநர் மேடையில் விளக்கினார். அவர் விளக்கி முடிப்பதற்குள் கேட்டுக்கொண்டிருந்த எல்லாருக்கும் பசி வந்துவிட்டது.

அட்டையை வாங்கியதும் தலைமை எழுத்தர் அம்மாளின் கை தானாக முத்திரையைத் தேடியது. காலமெல்லாம் பிறர் மனுக்களில் முத்திரை குத்தியே பழகிய கை. அட்டையில் அவருடைய பெயர் தப்பில்லாமல் அச்சாகியிருந்தது. அந்த அலுவலகத்தில் அதுவே ஒரு பரிசுதான்.

வீட்டுக்குப் போகும் வழியிலேயே அவர் முடிவு செய்துவிட்டார். நாத்தனாரைக் கூப்பிட வேண்டும்.

நாத்தனார் என்றால் கணவரின் தங்கை. மரக்கடைக்காரர் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். கடை பெரியது, கடைக்காரரின் பர்ஸ் அதைவிடப் பெரியது. இரண்டு குடும்பமும் எங்கே சேர்ந்து சாப்பிட்டாலும், தலைமை எழுத்தர் கைப்பையின் ஜிப்பைத் திறப்பதற்குள் மரக்கடைக்காரர் பணத்தைக் கொடுத்து முடித்திருப்பார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. "அண்ணிகிட்ட எதுக்குங்க வாங்கணும், பாவம்" என்று நாத்தனார் மென்மையாக ஒரு சொல் சொல்வார். அந்தப் 'பாவம்' தலைமை எழுத்தரின் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்கும். வீட்டுக்கு வந்து எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் இறங்காது. வாழ்க்கையில் ஒரே ஒரு வேளையாவது அந்தச் சொல் காதில் விழாமல் நாத்தனாருக்குச் சாப்பாடு போட வேண்டும். அவருக்கு வேண்டியதெல்லாம் அவ்வளவுதான்.

அதனால் விருந்துக்குக் கிளம்பிய மாலை, அட்டை ஒன்றே போதும் என்று, கைப்பையிலிருந்த பணத்தையெல்லாம் எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த அவருடைய கணவர், எதற்கும் இருக்கட்டுமே என்று சட்டைப்பையில் கொஞ்சம் வைத்துக்கொள்ளப் பார்த்தார்.

"எதுக்கும் இருக்கக் கூடாது" என்றார் தலைமை எழுத்தர். கண்ணாடிக் கடைக்காரர் பையைக் கவிழ்த்துக் காட்டினார்.

உணவகம் அவருக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. இப்போதெல்லாம் அலுவலகங்களை உணவகம் மாதிரியும் உணவகங்களை அலுவலகம் மாதிரியும் வைத்துக்கொள்வதுதான் நாகரிகம். அவருடைய அலுவலகத்தில் அண்மையில் சோபா போட்டு, பூ ஜாடி வைத்து, 'வருக, மனம் குளிர்க' என்று எழுதி மாட்டியிருந்தார்கள். இங்கே வாசலில் டோக்கன் கொடுக்கும் இயந்திரமும், ஒன்றோடொன்று இணைத்த இரும்பு நாற்காலிகளும், 'விசாரணை' என்று பலகை வைத்த ஆளில்லாத ஒரு மேசையும் இருந்தன. பிறந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் அவர் உள்ளே நுழைந்தார்.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூப் சூடாக வந்தது, ரொட்டி மெத்தென்று வந்தது, காளான் வறுவல் இரண்டாம் முறையும் வந்தது. நாத்தனார் ஒவ்வொன்றுக்கும் கைபேசியில் விலையைப் பார்த்துவிட்டு, இது கொஞ்சம் அதிகமாக இருக்கிறதே அண்ணி என்று இழுத்தார். அண்ணி ஒவ்வொரு முறையும், சாப்பிடு, சாப்பிடு என்றார். ஐஸ்கிரீம் வந்தபோது, "நல்லாத்தான் இருக்கு" என்று நாத்தனார் வாயிலிருந்தே வந்துவிட்டது. அந்த வாயிலிருந்து அது ஒரு பட்டமளிப்புக்குச் சமம்.

பில் வந்தது. அட்டையில் இருந்த தொகைக்குள் அழகாக அடங்கியது. தலைமை எழுத்தர் அட்டையை எடுத்து, ரிப்பன் முடிச்சு மேலே தெரியும்படி தட்டில் வைத்தார். அதைக் கண்டதும் பரிமாறியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார். இது தன் அதிகார வரம்புக்குள் வராது என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கோட்டு அணிந்த ஒருவரை அழைத்து வந்தார். கோட்டின் மேல் 'விருந்தினர் மகிழ்ச்சி அலுவலர்' என்று வில்லை குத்தியிருந்தது. கையில் ஸ்லேட்டு அளவுக்கு ஒரு கணினித் திரை. முகத்தில் மகிழ்ச்சி மட்டும் இல்லை.

"அட்டை செல்லும்மா" என்றார் அவர். "செல்லாதுன்னு நான் சொல்லல. என்ன நிகழ்வு?"

"நிகழ்வா?"

"இது பரிசு அட்டை. நிகழ்வு இல்லாம பரிசு ஏது?"

"பசிச்சுது, வந்தோம்."

"பசி பட்டியல்ல இல்லம்மா."

பட்டியலைக் காட்டினார். பிறந்தநாள், திருமணநாள், தேர்வில் வெற்றி, புது வீடு, மருத்துவமனையிலிருந்து திரும்பியது என்று வரிசையாக இருந்தது. வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் குரலை உயர்த்தியிருப்பார்கள். தலைமை எழுத்தருக்கு உயர்த்தத் தோன்றவில்லை. கழிவுநீர் இணைப்பு ஏன் வேண்டும் என்ற கேள்விக்குத் 'தேவை' என்று எழுதியவர்களின் மனுக்களை, காரணம் போதாது என்று அவரே திருப்பி அனுப்பியிருக்கிறார். கேள்வி சரியானது. தங்களிடம்தான் பதில் இல்லை.

எதிரே மரக்கடைக்காரரின் கை மெல்லச் சட்டைப்பைப் பக்கம் போனது.

"தம்பி, கையை மேசைமேல வைங்க" என்றார் தலைமை எழுத்தர்.

கண்ணாடிக் கடைக்காரரின் பிறந்தநாள்தான் இருப்பதிலேயே அருகில் இருந்தது. அதற்கும் மாதக்கணக்கில் நாள் கிடந்தது. அலுவலர் அதைக் கேட்டு முகம் மலர்ந்தார். வந்து போன பிறந்தநாள் என்றால்தான் சிக்கலாம். வரப்போவதை 'முன்கூட்டிய பிறந்தநாள்' என்று எடுத்துக்கொள்ள வழியிருக்கிறதாம். எந்தப் பதிவேட்டிலும் பொய்யாக ஒரு வரி எழுதியறியாத தலைமை எழுத்தர் ஒரு நிமிடம் தயங்கினார். பிறகு, பணமே முன்கூட்டிக் கட்டியிருக்கும்போது பிறந்தநாளும் முன்கூட்டி வந்தால் என்ன என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

பிறந்தநாள் என்று பதிந்தவுடனே விளக்கு அணைந்தது. மெழுகுவத்தியோடு கேக் வந்தது, காகிதக் கிரீடம் வந்தது, சமையற்கட்டிலிருந்து ஆறேழு பேர் வந்து நின்று யாருக்கோ தண்டனை மாதிரி கை தட்டினார்கள். எந்தக் கூட்டத்திலும் ஓரமாகவே நின்று பழகிய கண்ணாடிக் கடைக்காரருக்குக் கிரீடம் கச்சிதமாகப் பொருந்தியது. முதல் துண்டைத் தங்கைக்குக் கொடுத்தார், மற்ற துண்டுகளைப் பற்றி யாரிடமும் பேசாமல் சாப்பிடத் தொடங்கினார்.

விளக்கு வந்தபோது பில்லில் கேக் ஏறியிருந்தது. பிறந்தநாள் நிகழ்வுக்குக் கேக் கட்டாயமாம். இப்போது பில் அட்டையைவிட ஒரு பிடி அதிகம்.

மிச்சத்தைக் கையில் கொடுத்துவிடலாமே என்று மரக்கடைக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அலுவலர் காதில் கேட்கக் கூடாததைக் கேட்டவர்போல் அவரைப் பார்த்தார்.

"பாதி பரிசு, பாதி காசுன்னா அதை என்னன்னு சார் எழுதுறது? பரிசுன்னா, செலவுன்னா? முழுசும் அட்டையில போகணும். இல்லன்னா அட்டையை உள்ள வெச்சுட்டு முழுசும் காசாக் கொடுங்க."

கை மறுபடியும் சட்டைப்பைக்குப் போனது.

"விடுங்க அண்ணி" என்றார் நாத்தனார். "இவரு கொடுத்துடுவாரு. நீங்க பாவம்..."

வந்துவிட்டது. கேக்கு, சூப்பு, காளான் எல்லாவற்றையும் தாண்டி அந்த முள் நேராக வந்து தொண்டையில் உட்கார்ந்தது. தலைமை எழுத்தர் தண்ணீர் குடித்தார். கேக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள முடியுமா என்று விசாரித்தார். கேக்கை எடுத்தால் பிறந்தநாள் போய்விடும், பிறந்தநாள் போனால் நிகழ்வு போய்விடும் என்று பதில் வந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தட்டைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார்.

அப்போதுதான் அந்த அம்மாளின் நெடுங்கால அனுபவம் கைகொடுத்தது. எந்த விதிக்கும் கடைசியில், யாரும் கேட்காததால் யாருக்கும் கொடுக்காத ஒரு சலுகை இருக்கும். அதை அவர் அறிவார். அவரே பலருக்குச் சொல்லாமல் விட்டிருக்கிறார்.

"சலுகை என்னென்ன இருக்கு?" என்றார்.

அலுவலர் முதல்முறையாக அவரை மரியாதையோடு பார்த்தார். இரட்டையர்களுக்கு ஒன்று இருந்தது. மிதிவண்டியில் வந்தவர்களுக்கு ஒன்று இருந்தது. எல்லாவற்றிலும் பெரியது, பில்லில் கால்வாசி குறையக்கூடியது, சமரசச் சலுகை. பிரிந்த உறவுகளைச் சாப்பாட்டு மேசையில் ஒன்றுசேர்ப்பது தங்கள் நிறுவனத்தின் சமூகக் கடமை என்று அலுவலர் மனப்பாடமாகச் சொன்னார். ஒரே மேசையில் உண்மையான மனத்தாங்கல் உள்ள உறவினர் இருவர் இருந்து, அவர்கள் அங்கேயே சமாதானம் ஆக வேண்டும்.

"அது நம்மகிட்ட இருக்கே" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

மனைவிக்கும் தங்கைக்கும் நடுவில் இத்தனை காலம் வாய் திறக்காத மனிதர். கேக்கில் ஏதோ கலந்திருக்க வேண்டும்.

"சண்டையா? எனக்கும் அண்ணிக்குமா? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லையே" என்றார் நாத்தனார்.

"ஒண்ணுமே இல்லை" என்றார் அண்ணி. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் எப்போதும் ஒரே கட்சி.

அலுவலர் வருத்தத்தோடு திரையை அணைத்தார். இல்லாத சண்டைக்குச் சமரசம் பதிந்தால் அது மோசடி ஆகிவிடும் என்றார். மரக்கடைக்காரரின் பர்ஸ் பாதி வெளியே வந்துவிட்டது. நல்ல தோல், கறுப்பு நிறம். தலைமை எழுத்தர் அதைப் பார்த்தார், நாத்தனாரின் உதட்டைப் பார்த்தார். அந்த உதட்டில் அடுத்த சொல் தயாராக இருந்தது.

"இருக்கு" என்றார்.

"என்ன அண்ணி இருக்கு?"

"சண்டை. எழுதிக்குங்க சார்."

"நடப்பிலா, நிலுவையிலா?" என்று அலுவலர் கேட்டார்.

"நிலுவை" என்றார் தலைமை எழுத்தர்.

காரணம் என்ன என்று திரை கேட்டது. நாத்தனார் நாற்காலியை முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காரணத்தை நான் சொல்றேன், எழுதுங்க. என் பொண்ணு கல்யாணத்துக்கு இவங்க வரல. வந்தாங்க, வரலன்னு சொல்ல முடியாது. நாற்காலியை மடக்கி அடுக்குற நேரத்துக்கு வந்தாங்க. ஆபீஸாம்."

"எத்தனை நாற்காலின்னு தெரியுமா?" என்று அலுவலர் கேட்டார். நாத்தனார் அவரைத் தாண்டி அண்ணியைப் பார்த்துத் தொடர்ந்தார்.

"குடும்பமா நின்னு போட்டோ எடுத்தோம். போட்டோக்காரர் நெருங்கி நில்லுங்கன்னார். அண்ணன் பக்கத்துல இடம் விட்டு நில்லுங்க, எங்க அண்ணி இப்ப வந்துடுவாங்கன்னு நான்தான் சொன்னேன். அந்த இடம் அப்படியே காலியா விழுந்திருக்கு. வீட்டுக்கு வர்றவங்கெல்லாம் கேட்கிறாங்க, அங்க நின்னவரு எங்கன்னு. நான் என்னன்னு சொல்ல?"

தலைமை எழுத்தர் அந்தப் படத்தை நாத்தனார் வீட்டுக் கூடத்தில் ஒவ்வொரு முறையும் பார்த்திருக்கிறார். அந்த இடைவெளி தன்னைக் குத்திக் காட்டத்தான் அங்கே மாட்டியிருக்கிறது என்றே நினைத்திருந்தார். தனக்காகப் பிடித்து வைத்த இடம் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

"லீவு கேட்டேன்" என்றார், மேசை விரிப்பைப் பார்த்துக்கொண்டு. "கிடைக்கல."

"யாரு கொடுக்கல? அந்த இயக்குநரா?"

"நான்தான்."

புரியவில்லை என்றார் நாத்தனார். அதனால் விளக்க வேண்டியதாயிற்று. அந்த அலுவலகத்தில் யார் விடுப்பு கேட்டாலும் தலைமை எழுத்தரின் குறிப்புரை இல்லாமல் மேலே போகாது. அந்த வாரம் மேலிடத்து ஆய்வு. ஆய்வு வாரத்தில் யாருக்கும் விடுப்புப் பரிந்துரைக்கக் கூடாது என்பது விதி. கேட்டது தான் என்பதற்காக விதியை வளைத்தால் நாளைக்கு மற்றவர்கள் நாக்குமேல் பல்லைப் போட்டுப் பேச மாட்டார்களா? ஆகவே தன் மனுவைத் தானே வாங்கி, தானே படித்து, 'பரிந்துரைக்க இயலாது' என்று தானே எழுதி, அதன் நகலைத் தானே கையெழுத்துப் போட்டுப் பெற்றுக்கொண்டார். அப்புறம் பழைய கோப்புகள் வைத்திருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதார்.

"மேலதிகாரி கொடுக்கலன்னா நாலு பேர்கிட்டச் சொல்லித் திட்டலாம். நானே கொடுக்கலன்னு யார்கிட்டப் போய்ச் சொல்றது?"

நாத்தனார் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"லீவுக்குக் காரணம் என்னன்னு எழுதினீங்க அண்ணி?"

"சொந்த வேலைன்னு எழுதினேன்."

"அது போதாதுன்னு நீங்களே திருப்பிட்டீங்களாக்கும்?"

"ஆமா. விவரம் இல்லைன்னு ஒரு குறிப்பும் எழுதினேன்."

நாத்தனாரின் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று கண்ணாடிக் கடைக்காரர் கிரீடத்தைக் கழற்றிவிட்டார். சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டும் அடங்காத சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, "எங்க அண்ணிக்கு எங்க அண்ணியே லீவு கொடுக்கலையாம்" என்று கணவரின் முழங்கையைப் பிடித்து உலுக்கினார். தலைமை எழுத்தருக்கும் தொற்றிக்கொண்டது. அந்த அறையில் அழுததை நினைத்துச் சிரிக்க முடியும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அலுவலர்தான் பதறினார். இன்னும் சமரசப் பக்கமே திறக்கவில்லை, அதற்குள் இப்படிச் சிரித்தால் சண்டை எந்த நிலையில் இருக்கிறது என்று எப்படிப் பதிவது என்றார். பக்கம் திறந்ததும் இருவரின் கைபேசி எண்ணையும் வாங்கிப் பதிந்துகொண்டு, இருவரையும் சேர்த்து நிற்க வைத்துப் படம் எடுத்தார். நடுவில் இடைவெளி இருந்தால் இயந்திரம் ஏற்காது என்றார். நாத்தனார் அண்ணியின் இடுப்பைச் சுற்றிக் கைபோட்டு இழுத்துக்கொண்டார். இயந்திரம் ஏற்றுக்கொண்டது. பில் குறைந்தது, அட்டை போய் வந்தது, ரசீது வந்தது. மரக்கடைக்காரரின் பர்ஸ், பிறந்ததிலிருந்து முதல்முறையாக, திறக்கப்படாமலே உள்ளே போனது. யாரும் எந்தச் சொல்லும் சொல்லவில்லை.

பக்கத்து மேசைகள் இதையெல்லாம் காதால் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே கிண்ணத்து சூப்பை இரண்டாகப் பகிர்ந்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர், தங்களுக்கும் சண்டை உண்டு என்று கையைத் தூக்கினார்கள். யோசித்தபோது உண்மையிலேயே இருந்தது. ஒரு மாமனாரும் மருமகனும் எழுந்து நின்றார்கள். மூலையில் புதிதாகக் கல்யாணம் ஆன ஜோடி ஒன்று சண்டைக்கு வழியில்லாமல் விழித்தது. ஒருவர் அம்மாவைப் பற்றி மற்றவர் மனதில் இருப்பதைச் சொல்லிப் பாருங்கள் என்று அலுவலர் கனிவோடு யோசனை சொன்னார். அவ்வளவுதான், அந்த மேசைக்கு இரண்டாவது திரை தேவைப்பட்டது. நான்கு பேரும் வாசலைத் தாண்டியபோது, அந்தக் கூடத்தில் எதிரில் உட்கார்ந்திருப்பவரோடு நல்ல உறவில் இருந்தவர் ஒருவரும் இல்லை. விசாரணை மேசையில்கூட ஆள் உட்கார்ந்துவிட்டார்.

தெருவில் காற்று இதமாக இருந்தது. அண்ணியும் நாத்தனாரும் கைகோத்து நடந்தார்கள். தெருவிளக்கைத் தாண்டும்போது இருவர் கைபேசியும் ஒன்றாக மணி அடித்தன. நாத்தனார் நின்று உரக்கப் படித்தார். தங்கள் சமரசம் பதிவு செய்யப்பட்டது, வாழ்த்துகள். சமரசம் நீடிப்பதை இரு தரப்பினரும் ஒவ்வொரு மாதமும் முதல் தேதி அன்று 'ஆம்' என்ற பொத்தானை அழுத்தி உறுதிசெய்ய வேண்டும். எவரேனும் ஒருவர் தவறினாலும் சலுகைத் தொகை அட்டைதாரரின் சம்பளத்தில் பிடிக்கப்படும். இது ஆயுள் முழுவதற்கும் பொருந்தும்.

நாத்தனார் இன்னொரு முறை, இந்த முறை மனதுக்குள், நிதானமாகப் படித்தார். கைபேசியைப் பைக்குள் வைத்து, பையின் வாயை மூடி, அதன்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"கவலைப்படாதீங்க அண்ணி" என்றார். குரலில் தேன் சொட்டியது. "மாசா மாசம் நான் அழுத்திடறேன். நீங்க நடந்துக்கிறதைப் பார்த்துக்கிட்டு."

விதியில் ஓட்டை ஏதாவது உண்டா என்று தலைமை எழுத்தரின் மனம் தேடிப் பார்த்தது. இல்லை. நன்றாக எழுதப்பட்ட விதி.

இப்போது எல்லாத் துறைகளிலும் அந்த அட்டை வந்துவிட்டது. மாதக் கடைசியானால் தெருவெல்லாம் பழப்பையும் கையுமாக ஆட்கள் சொந்தக்காரர் வீடு தேடிப் போகிறார்கள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறார்கள், பதில் சொல்லி முடிக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்கள். உறவுகள் செழிப்பதாக ஆய்வுக் குழு அறிக்கை கொடுத்திருக்கிறது. தலைமை எழுத்தரும் தவறாமல் நாத்தனார் வீட்டுக்குப் போய் வருகிறார். அதற்கு விடுப்பு கேட்கிறார், தானே பரிந்துரைத்துக்கொள்கிறார். காரணம்: சம்பளப் பிடித்தம் தவிர்த்தல்.

இதைக் கேட்டு யாரும் சிரிக்க வேண்டாம். அவர்களுக்காவது மாதத்தில் ஒரு நாள் கட்டாயம் என்று ஒன்று இருக்கிறது. நமக்கு அதுவும் கிடையாது.